கேட்காமல் இருப்பதற்காகப் பாடிய பாட்டு

அப்பா இறந்து பதினெட்டாம் நாள் மடுத்தீன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். 2014 பெப்ரவரி, ஒரு திங்கட்கிழமை. அவர் சமையல் செய்யும் உணவகத்துக்கு அன்றுதான் விடுமுறை. பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. ஏழு மாடியும் ஏறி வந்து, கதவருகில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மூச்சு அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தார்.

முப்பத்தோராம் நாளுக்கு அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதத்தான் வந்திருந்தார். அவர் இதற்காகப் போகிற எல்லா வீட்டிலும் மூன்று கேள்வி கேட்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களிடமும் கேட்டார்.

"தில்லையண்ணை ஆரோடை சண்டை பிடிக்கிறவர்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "லிஃப்டோடை."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "சாப்பாட்டுக் கோப்பையிலை எதை ஒதுக்கி வைப்பார்?"

"தக்காளித் தோல். அதை உரிச்சுப்போட்டுச் சமைச்சாலும் தேடிப் பிடிச்சு ஒதுக்குவார்."

"தனிய இருக்கேக்கை என்ன செய்வார்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "தனிய இருந்தா எங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்?" என்றேன்.

"அதுக்குத்தான் கேக்கிறது, பிள்ளை. இண்டைவரைக்கும் ஒரு வீட்டிலையும் மறுமொழி வந்ததில்லை."

கொப்பியை மூடிவிட்டார். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் குரலைத் தாழ்த்தி நாலாவதாக ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, தொண்ணூற்றொண்டிலை தில்லையண்ணை உங்களுக்கு ஒரு கசெற் பேசி அனுப்பினவர். அது இருக்கோ?"

"அதெல்லாம் எங்கை அண்ணை? இடப்பெயர்வோடை போட்டுது," என்றார் அம்மா.

போகவில்லை. அலுமாரியில் கூறைச்சேலைக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி அது கிடந்தது எனக்குத் தெரியும். அம்மா பொய்யே சொல்லாதவர் அல்ல. வாடகை வீட்டுக் கொம்பனிக்குச் சொல்லுவார், வைத்தியருக்குச் சொல்லுவார். ஆனால் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, அதுவும் அப்பாவின் பழைய சிநேகிதருக்கு ஏன் சொன்னார்? இந்த மனிதருக்கு இருபத்துமூன்று வருடத்துக்கு முந்திய ஒரு கசெற் எதற்கு?

அந்த நேரம் எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. முந்திய ஆண்டுதான் முதுகலை முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் தன் மகள் சாம்பவிதான் என்று அப்பா, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. என் ஆய்வு லாச்சப்பல் கடைகளைப் பற்றியது. இருபத்துமூன்று கடைக்காரர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ச் சந்தித்தேன். அதே தெருவில் ஓர் உணவகச் சமையலறையில் இருபது வருடம் நின்ற அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கடைக்காரர் இல்லையே என்பது அப்போது எனக்குச் சரியான காரணமாகத்தான் பட்டது.

முப்பத்தோராம் நாள் மாமா அப்பாவின் பாட்டைப் பாடினார். லிஃப்ட் வந்தது, தக்காளித் தோல் வந்தது. கடைசியில் மூன்றாவது கேள்விக்கும் பதில் வந்தது. மத்தியானச் சமையலுக்கும் இராச் சமையலுக்கும் நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் அப்பா, காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்றில் போய் இருப்பாராம். தோய்ப்பதற்கு ஒன்றும் கொண்டுபோக மாட்டார். அங்கே சூடாக இருக்கும் என்பதுதான் காரணம். யாராவது தனியாகப் படுக்கை விரிப்பை மடிக்கச் சிரமப்பட்டால் எழும்பிப் போய் மறுமுனையைப் பிடிப்பார்.

"உங்களுக்கு இது எப்பிடித் தெரியும் அண்ணை?" என்று அம்மா கேட்டார்.

"எட்டு வருசம் ஒரு அறையிலை இருந்தனாங்கள், தங்கச்சி."

பாடி முடித்ததும் பாட்டு எழுதிய தாளை நாலாக மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அந்தப் பாட்டை அவர் இனி எங்கும் பாட மாட்டார் என்றார்கள்.

எனக்கு அது விளங்கவில்லை. நல்ல பாட்டு. ஏன் ஒரு தடவையோடு நிறுத்த வேண்டும்? விசாரிக்கத் தொடங்கினேன். முதலில் போனது லாச்சப்பலில் அச்சகம் வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையிடம். என் இருபத்துமூன்று பேரில் அவரும் ஒருவர்.

"இந்தக் கதையை நீர் அண்டைக்கே கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்," என்றார். "நீர்தான் கடை வாடகை, கடை வாடகை எண்டு நிண்டனீர்."

மடுத்தீன் மாமா யாழ்ப்பாணம் குருநகர் ஆள். தகப்பனுக்குக் கடல் தொழில். கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் கித்தார் பழகினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கௌபாய்ப் பாட்டுகள் போகும். குதிரை, மழை, விட்டுப்போன பெண், எங்கோ போகிற ரயில். பாதிக்கு மேல் அவருக்கு விளங்காது. விளங்கியது ஒன்றுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார்: "பாடுற ஒருத்தனுக்கும் அவசரமில்லை, பிள்ளை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போறாங்கள். அதுக்குக் கித்தாரிலை மூண்டு கோர்ட்ஸ் காணும்."

எண்பத்தெட்டில் பாரிசுக்கு வந்தார். கோப்பை கழுவினார், பிறகு சமைத்தார். இன்னும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்து, கலியாணங்களிலும் சாமத்தியச் சடங்குகளிலும் சினிமாப் பாட்டு வாசித்தார். சொந்தப் பாட்டு ஒன்றும் இல்லை. 2009 வைகாசியில் ஊரில் சனம் கொத்துக்கொத்தாகச் செத்து யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரும் பாட்டுக்கச்சேரி வைக்கவில்லை. கலியாணங்கள் தாலி கட்டிச் சாப்பாட்டோடு முடிந்தன. சனம் மண்டபத்தில் கூடியதென்றால் அது யாருடையதோ முப்பத்தோராம் நாளாக இருந்தது. ஐப்பசியில் குழுவைக் கலைத்துவிட்டு, இனி விளம்பர அட்டை அடிக்க வேண்டாம் என்று சொல்ல அவர் அச்சகத்துக்குப் போனார்.

அங்கே ஒரு மனிதர் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் அவருடைய தாயின் முப்பத்தோராம் நாள். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க, இறந்தவரைப் பற்றிய கவிதைகளோடு ஒரு சின்னப் புத்தகம் அடிப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்போம். கவிதைகளைப் புதிதாக எழுத யாருக்கு நேரம்? அச்சகத்தில் பழைய கல்வெட்டின் கவிதைகள் கணினியில் கிடக்கும். பெயரையும் ஊரையும் மாற்றி அடிப்பார்கள். அந்த முறை பெயர் மாறியது. ஆனால் நாலாம் பக்கத்தில் அந்த அம்மா 'வேட்டியின் மடிப்புக் கலையா வேந்தே' ஆகியிருந்தார். இருநூறு பிரதி.

"என்ரை அம்மாவுக்கு வேட்டி கட்டி விட்டிருக்கிறாய்!" என்று அந்த மனிதர் கத்த, ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாராம். கதவருகில் நின்ற மடுத்தீன் மாமா கேட்டிருக்கிறார்:

"அம்மா ஆரோடையும் சண்டை பிடிக்கிறவவோ?"

"நீர் ஆரப்பா?"

"ஆரெண்டால் என்ன. பிடிக்கிறவவோ?"

மகன் கொஞ்சம் அடங்கினார். "ஓம். கீழ்வீட்டு ழாக்கோடை. ஒவ்வொரு நாளும்."

பல்கனியில் அந்த அம்மா ஒரு கறிவேப்பிலைக் கன்று வளர்த்தார். தண்ணீர் ஊற்றினால் அது கீழே ழாக்கின் பல்கனியில் வடியும். அவன் பிரெஞ்சில் ஏசுவான், இவர் தமிழில் ஏசுவார். பன்னிரண்டு வருடம். அச்சகத்தில் கடதாசிக் கட்டுகளின் மேல் இருந்து இரண்டு மணி நேரத்தில் மாமா அதைப் பாட்டாக எழுதினார். அதை ஒற்றைத் தாளில் அடித்து, நாலாம் பக்கத்தின் மேல் ஒட்டினார்கள்.

"பாட்டு எண்டால் பாடத்தானே வேணும்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. "நான்தான் வாய் தவறிக் கேட்டனான். அடுத்த நாள் ஆள் கித்தாரோடை வந்து நிக்கிறார்!"

மண்டபத்தில் முணுமுணுப்பு. "செத்த வீட்டிலை கித்தாரோ? இனி டான்ஸும் வைப்பாங்கள் போலை." மாமா குனிந்த தலை நிமிராமல் பாடினாராம். அச்சகத்தில் அந்தத் தாளின் ஒரு பிரதியை நான் பார்த்தேன்.

அவன் பிரெஞ்சிலை ஏச, அம்மா தமிழிலை ஏச,
ரெண்டு பேருக்கும் விளங்கினது.
இண்டைக்குத் தண்ணி வடியேல்லை, ழாக்,
மேலை பார்த்து ஏசு, ஆர் கேக்கினம்?

பின்வரிசையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழும்பி நின்றார். தன் பெயர் கேட்டதால் எழும்பியிருக்கிறார். அது ழாக். சனம் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். மகன் அழத் தொடங்கினார். அடுத்த கிழமையே இன்னொரு வீட்டிலிருந்து மாமாவைத் தேடிக்கொண்டு ஆள் வந்தது.

இப்படித்தான் ஐந்து வருடத்தில் நாற்பத்தாறு பாட்டு எழுதினார். பொண்டி, ஆர்ஜொந்தெய் என்று மண்டபம் மண்டபமாகப் போய்ப் பாடினார். நல்ல மனசு, சிரித்த முகம் என்று யாராவது சொன்னால் கொப்பியில் எழுத மாட்டார். "அது எல்லாச் செத்தவைக்கும் இருக்கு" என்பார். பாடி முடித்தால் தாள் அந்த வீட்டுக்குப் போய்விடும். ஒரு முறைக்கு மேல் பாடுவதில்லை என்பது அவராக வைத்த விதி. ஏன் என்று நான் கேட்டபோது, "ஒருத்தற்றை அப்பாவை இன்னொருத்தற்றை கலியாணத்திலை பாடலாமோ?" என்று திருப்பிக் கேட்டார்.

சித்திரை மாதத்தில் அந்த விதி அவரையே பிடித்துக்கொண்டது.

லாச்சப்பலுக்குப் பக்கத்து நூலகத்தில் வேலை செய்யும் லாரா பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பெண். ஜூன் மாதம், எங்கள் ஆனி 21, பிரான்ஸ் முழுக்க நடக்கும் இசை விழாவுக்கு நூலகத்துக்கு முன்னால் வட்டாரப் பாடகர்களைப் பாடவைக்க ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். ஆளுக்குப் பத்து நிமிடம், ஆனால் பாட்டு சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். மாமாவைத் தேடி அச்சகத்துக்கே வந்துவிட்டார். நானும் அங்கே நின்றேன்.

"மிசியே மடுத்தீன், சினிமாப் பாட்டு வேணாம். நீங்க எழுதினதுல ஒண்ணு பாடுங்க. நாப்பத்தாறு இருக்காமே!"

"ஓம். ஆனா என்னட்டை ஒண்டுமில்லை."

"எழுதினவர்கிட்ட இல்லாம?"

"எழுதினதெல்லாம் குடுத்திட்டன், பிள்ளை."

லாரா என்னைப் பார்த்தார். நான் விதியை விளக்கினேன். "அப்போ புதுசா ஒண்ணு எழுதுங்க, ரெண்டு மாசம் இருக்கே," என்று பெயரைப் பதிந்துகொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை பொண்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்கக் கசக்கிய தாள்கள். மாமி சவரியம்மாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"ஆரும் சாகாமல் எனக்கு எழுத வருகுதில்லை, பிள்ளை," என்றார் மாமா.

"மெய்தான்," என்றார் மாமி. "கலியாணம் கட்டின நாள்தொட்டுக் கேக்கிறன், எனக்கு ஒரு பாட்டு எழுதுங்கோ எண்டு. நீ முதல் செத்துக் காட்டு எண்டுறார்."

"அப்ப தொண்ணூற்றொண்டிலை?" என்று கேட்டேன். "கசெற்றிலை என்ன இருக்கு, மாமா?"

அவர் மாமியை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

லாச்சப்பலில் ஒரு அறை. ஏழு பேர். ஊருக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். ஆகவே ஊருக்குப் போகிற யாரிடமாவது கசெற்றில் பேசிக் கொடுத்துவிடுவார்கள். அப்பா கலியாணம் கட்டி நாலாம் மாதம் வெளிக்கிட்டவர். மனைவியோடு பேச வேண்டும், ஆனால் அறையில் மற்ற ஆறு பேரும் காதை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அப்பா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, மடுத்தீன் மாமாவிடம் சொல்லியிருக்கிறார்: "டேய், நீ யன்னலடியிலை இருந்து பாடு. பலமாப் பாடு. நான் கதைக்கிறது இவங்களுக்குக் கேக்கக் கூடாது."

மாமா பாடினார். அப்போது அவர் எழுதி வைத்திருந்த ஒரே பாட்டு. வாழ்க்கையில் முதல் முதல் எழுதியது. யாரும் சாகாமல் எழுதியது.

"கார் து நோர் ஸ்டேசனிலை ரயிலைப் பாத்து எழுதினது. ரெண்டு மூண்டு மாசம் பாடித் திரிஞ்சன். பிறகு வேலை, பிறகு இவ வந்தா, பிறகு சினிமாப் பாட்டு. இப்ப மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. உலகத்திலை அது இருக்கிற இடம் அந்தக் கசெற் ஒண்டுதான்." தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அது போட்டுது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. சரி."

அது அலுமாரியில் இருப்பதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேராகக் கேட்டேன்.

"அது அலுமாரியிலை இருக்கெண்டு எனக்குத் தெரியும். மாமாவுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டினா என்ன? அவருக்கு அது ஒண்டுதான் சொந்தப் பாட்டு."

சட்டை அழுத்திக்கொண்டிருந்த அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்தாள் எனக்கெண்டு கதைச்சது. மடுத்தீன் அண்ணை அதைக் கேக்காமல் இருக்கத்தானே அண்டைக்குப் பாடினவர்? இப்ப ஏன் கேக்கவேணும்?"

அம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் படித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மறுமொழி இல்லாத இடத்தில் ஒரு வழி கண்டுபிடிப்போம். பாட்டை மட்டும் கணினியில் பிரித்தெடுக்கலாமே, அப்பாவின் பேச்சை யாரும் கேட்கத் தேவையில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரித்தெடுக்க முதலில் நான் கேட்டாக வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையிடம் ஒரு பழைய கசெற் பிளேயர் இருந்தது. ஆய்வுக்கு என்று சொல்லி வாங்கினேன். அம்மா விடிய ஐந்தரைக்கே அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அலுமாரியைத் திறந்தேன். நாடா நடுவில் நின்றது. எதையும் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்பது எனக்குக் கற்றுத்தந்த முறை. முழுக்கப் பின்னால் சுற்றி, அழுத்தினேன்.

கித்தார். பிறகு மாமாவின் இளம் குரல்: 'வடக்கே போற ரயிலே, நில்லு.' அதற்கு மேல், காதுக்கு மிக அருகில், அப்பா.

"கோசலை... பிள்ளை நித்திரையோ?"

நிறுத்திவிட்டேன்.

அந்தப் பிள்ளை நான்தான். என்னை அப்போது அப்பா பார்த்திருக்கவில்லை. ஏழு வயதில் பாரிசுக்கு வந்துதான் நாங்கள் முதன்முதல் சந்தித்தோம். இருபத்துமூன்று பேருக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தியபோது என் விரல் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை. அன்று காலை அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன்.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அந்தச் சில விநாடியில் கேட்ட மெட்டு எனக்குத் தெரியும். அம்மா கறி கிளறும்போது முணுமுணுப்பது அது. உடுப்பு அழுத்தும்போதும் அது. ஏதோ பழைய சினிமாப் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

மத்தியானம் அம்மா வந்தார். இரவுச் சமையலுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். கசெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"சுத்தினனியோ?"

"ஒரு வசனம்தான் கேட்டனான், அம்மா. அதோடை நிப்பாட்டிட்டன்."

"தொண்ணூற்றைஞ்சிலை ஊர் முழுக்க வெளிக்கிடேக்கை நான் கேட்டுக்கொண்டிருந்த இடத்திலை நிண்டது. அப்பிடியே கொண்டுவந்தனான். இஞ்சை வந்து ஒருநாளும் போடேல்லை. ஆள் இருந்தார்தானே." கசெற்றைப் பார்த்தார். "இப்ப எந்த இடமெண்டு தெரியாது."

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். நான் குசினி வாசலில் நின்றேன். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அம்மா தன்னை அறியாமல் முணுமுணுக்கத் தொடங்கியபோதுதான் எனக்குச் சொல்லத் துணிவு வந்தது.

"அம்மா, நீங்கள் இப்ப படிக்கிறது மடுத்தீன் மாமாவின்ரை பாட்டு."

அகப்பை நின்றது.

"மெய்யே?"

"மெய்."

அம்மா அடுப்பைக் குறைத்தார். "திங்கக்கிழமை வரச் சொல்லு. கசெற் இல்லை. நான் படிச்சுக் காட்டுறன். பாட்டுத்தானே வேணும்?"

மாமா கித்தாரோடு ஏழு மாடி ஏறி வந்தார். அம்மா அவருக்கு முன்னால் இருந்து பாட மாட்டேன் என்றுவிட்டார். அடுப்பைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, கத்தரிக்காயைக் கிளறிக்கொண்டே பாடினார்.

வடக்கே போற ரயிலே, நில்லு
ம்ம்... ம்ம்... சும்மா நில்லு
ம்ம்... ம்ம்... ரிக்கெற் இல்லை
நீ நிண்டதாச் சொல்லு, அது போதும்.

மாமாவின் விரல்கள் தந்தியைத் தேடின. முதல் வரியிலேயே பிடித்துவிட்டார். மூன்றாம் வரியில் நிறுத்தினார்.

"இந்த இடத்திலை ஏன் தங்கச்சி இப்பிடி இறங்குது? நான் இறக்கியிருக்கமாட்டன். கயித்திலை கட்டிக் கிணத்துக்குள்ளை விட்ட மாதிரி இருக்கு."

"கசெற்றிலை அப்பிடித்தான் அண்ணை."

"இருக்காது. மூண்டு கோர்ட்ஸுக்குள்ளை இது வராது."

அம்மா திரும்பினார். கையில் அகப்பை. யோசித்தார். அப்பா போன தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அம்மா சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

"அது பாட்டில்லை, அண்ணை! அது எங்கடை வரதண்ணை!"

வரதராசா அம்மாவின் தமையன். அப்போது ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறியும் வராது. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி மிதித்தால் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் கசெற் ஓடும்.

"வயரை யன்னலுக்கால உள்ளுக்கு விட்டிட்டு வரதண்ணை முத்தத்திலை மிதிப்பார். நான் யன்னலைச் சாத்திப்போட்டுக் கேப்பன். அவருக்குக் கேக்கக் கூடாதெல்லோ? மனுசன் களைச்சா மெல்லமா மிதிப்பார். அப்ப பாட்டும் களைக்கும், இவற்றை குரலும் களைக்கும். ஒவ்வொரு நாளும் அதே இடத்திலை களைப்பார். நான் நினைச்சன் பாட்டே அப்பிடி எண்டு."

மாமா கித்தாரின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "அங்கையும் ஒருத்தர்," என்றார். "அங்கையும் ஒருத்தர் கேக்காமல் நிண்டிருக்கிறார், பார்."

பிறகு அதை நேராக்கிப் பாடிப் பார்த்தார். இறக்கம் இல்லாமல். இரண்டு தடவை. முகத்தைச் சுழித்தார். "நேராப் பாடினா ஒண்டும் இல்லை," என்று சொல்லி, வரதராசா மாமா களைத்த இடத்தில் களைத்துப் பாடினார். அது நன்றாக இருந்தது.

"அந்த 'ம்ம்' உள்ள இடங்களிலை என்ன சொல் வருது, தங்கச்சி?"

"தெரியாது. அதுக்கு மேலை இவர் கதைக்கிறார்."

அவருக்கும் நினைவில்லை. நான் குறுக்கே விழுந்தேன். "புதுசா எழுதிப் போடுங்கோவன் மாமா. ரெண்டு சொல்லுத்தானே?"

"வேண்டாம்," என்றார் அம்மா. "அதுக்குள்ளை ஆள் இருக்கிறார்."

மாமா கொப்பியை எடுத்துப் பாட்டை எழுதினார். அந்த இரண்டு இடத்தையும் வெற்றிடமாக விட்டார். எழும்பும்போது மட்டும் கேட்டார்: "இதை நான் வைச்சிருக்கலாமோ?"

"உங்கடை பாட்டுத்தானே அண்ணை," என்றார் அம்மா. "கத்தரிக்காய் அடிப்பிடிச்சுப் போச்சு. ஆனாச் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

ஆனி 21 சனிக்கிழமை. நூலகத்துக்கு முன்னால் ஐம்பது கதிரை போட்டிருந்தார்கள். லாரா ஒலிவாங்கியில் மாமாவின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் வாயில் நுழையும்படி மெதுவாகச் சொன்னார். சவரியம்மாள் மாமி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பிழை பிடிக்க வந்தவர்போல இருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா மூன்றாம் வரிசை. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒலிப்பதிவுக் கருவி பையில் இருந்தது. எடுக்கவில்லை.

மாமா பாடத் தொடங்கினார். முதல் வரி. பிறகு வெற்றிடம் வந்தது. அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு கித்தாரை மட்டும் வாசித்தார். அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் உதடுகள் அசைந்தன. பாட்டின் சொற்கள் அங்கே இல்லை, அது எனக்குத் தெரியும். அம்மா சொல்லிக்கொண்டிருந்தது வேறு. கொஞ்சம் நீளமான ஏதோ ஒன்று, ஒரு கேள்வியைப் போல முடிந்தது.

மேடையிலிருந்து மாமாவும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். இரண்டாவது வெற்றிடம் வந்தபோது அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தந்தியை இன்னும் பலமாக அடித்தார். நான் நின்ற இடத்துக்குக் கித்தாரைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.